லச்சுவுக்குப் பிசைந்த சோறு

அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் பெயரைத்தான் கேட்கிறார்கள். சினிமா நோட்டீஸில் அச்சான பெயர் ஒன்று இருந்தது. நாடகக் கம்பெனியில் இருந்த காலத்துப் பெயர் வேறு. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று எனக்கே தெரியாது. எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் தங்கி. கன்னடத்தில் தங்கை என்பதைத் தங்கி என்பார்கள். பெயர் அந்த அளவோடு இருக்கட்டும்.

மைசூரில் நஜர்பாத் பக்கம் ஒரு வடாரத்தில் எங்கள் குடித்தனம். ஒரு முற்றத்தைச் சுற்றி ஆறு வீடுகள், ஆறுக்கும் சேர்த்து ஒரு குழாய், தெருவுக்குப் போக ஒரே கதவு. இதைத்தான் அங்கே வடாரம் என்பார்கள். என் வீட்டுக்காரருக்கு ரயில்வே பட்டறையில் வேலை. கல்யாணமாகி வேலூரிலிருந்து வந்த எனக்குக் கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. எதிர்வீட்டில் டாக்கி நடிகை குடியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு என் மாமியார் ஊரிலிருந்து கார்டு போட்டார், அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதே என்று. நான் எட்டிப் பார்க்கவில்லை. அக்காதான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாயடிக் கல்லில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருவார். தண்ணீர் பிடிக்க வந்தவர் மாதிரி இருக்கும். ஆனால் அவர் குடம் எப்போதோ நிறைந்திருக்கும். யார் எப்படிக் குனிகிறார்கள், யார் பேசும்போது வாயை மூடிக்கொள்கிறார்கள், யார் கோபத்தில் பாத்திரத்தை அழுத்தித் தேய்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் என் குடத்தை என் கையிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, குழாயிலிருந்து என் வாசல்வரை நடந்தார். வடாரத்துப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. வலது பாதம் லேசாக வெளியே திரும்பி, தரையைத் தொடுமுன் ஒரு கணம் தயங்கியது. எனக்கு அப்படி ஒரு நடை இருப்பது அன்றுதான் தெரியும்.

அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சின்ன வயதில் வலப்பக்கம் விழுந்தாயா என்று கேட்டார். ஒன்பது வயதில் களத்துமேட்டில் விழுந்தது என் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஏதாவது ஒன்று இப்படிப் பிடிபட்டால் அவர் "சிக்கித்து" என்பார். கன்னடத்தில் அதற்குக் கிடைத்துவிட்டது என்று பொருள். என் காதில் அது எப்போதும் தமிழாகவே விழுந்தது, வலையில் ஒன்று சிக்கிக்கொண்ட மாதிரி.

ஏழு வயதில் அவரை நாடகக் கம்பெனியில் விட்டார்களாம். பாலகிருஷ்ணனாக வேஷம் கட்டி ஊர் ஊராகப் போயிருக்கிறார். பிறகு பெங்களூரில் பேசாத படம் இரண்டில் நடித்தார். பேசும் படம் வந்ததும், முகம் இருந்து குரல் இல்லாதவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். அக்காவுக்குக் குரல் இருந்தது, தமிழ் இல்லை. சேலத்துக்கும் கோயம்புத்தூருக்கும் ரயிலேறிப் போய் நடித்து நடித்தே தமிழைக் கற்றுக்கொண்டார். மூன்று மாதம் காணாமல் போவார். திரும்பும்போது பெயின்ட் அரித்த கன்னமும், விளக்குச் சூட்டில் சிவந்த கண்ணுமாக வந்து, ஒரு வாரம் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். அப்போதும் துணியைத் தூக்கி முற்றத்தைப் பார்த்துக்கொள்வார்.

டைரக்டர்களுக்கு அழு என்று சொல்லத்தான் தெரியும், எப்படி அழுவது என்று சொல்லத் தெரியாது என்பது அவருடைய குறை. சினிமாவில் எல்லாரும் ஒரே மாதிரி அழுகிறார்கள், மனுஷர்கள் அப்படியா அழுகிறார்கள் என்று கேட்பார். தேவராஜா மார்க்கெட்டில் கீரை விற்கிற ஒரு கிழவி பொய் சொல்லும்போதெல்லாம் மூக்குத்தியைத் தொட்டுக்கொள்வாளாம். அக்கா அதை எடுத்து ஒரு படத்தில் மாமியாரை ஏமாற்றும் மருமகளுக்குப் போட்டுவிட்டார். கிழவி படம் பார்த்துவிட்டு, சினிமாவில் வந்தது நான்தான் என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அக்காவைக் கண்டால் ஒரு கட்டுக் கீரை இலவசம்.

ஆனால் எல்லாம் கீரைக் கட்டோடு முடியவில்லை. எங்கள் வடாரத்தில் கடைசி வீட்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் அவர் மனைவியும் இருந்தார்கள். மிக அடக்கமான பெண். தெருக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் இடது முழங்கையை வலது கையால் பொத்திக்கொள்வாள். தினமும் பார்த்த எங்களுக்கு அது கண்ணில் படவில்லை. அக்கா ஒரு படத்தில், புருஷன் உள்ளே நுழையும்போது அதே மாதிரி முழங்கையைப் பொத்திக்கொண்டு நின்றார். படம் பார்த்துவிட்டு வந்த பெண்கள் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதுவரை தெரியாதது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வாத்தியாரும் பார்த்திருக்கிறார். அந்த மாதமே வீட்டைக் காலி செய்துவிட்டார். வண்டியில் சாமான் ஏறும்போது அந்தப் பெண் அக்கா வீட்டுப் பக்கம் திரும்பவேயில்லை.

அக்காவுக்கு அது புரியவில்லை. தான் யார் பெயரையும் சொல்லவில்லையே, யாரைப் பற்றியும் குறை பேசவில்லையே என்று என்னிடம் வந்து கேட்டார். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

என் மகள் லச்சு அந்த வடாரத்தில்தான் பிறந்தாள். தவழ ஆரம்பித்ததும் நேராக எதிர்வீட்டுக்குத்தான் தவழ்ந்தாள். அக்காவுக்குக் குழந்தை இல்லை. கல்யாணம் ஆயிற்றா என்று யாரும் கேட்டதில்லை. லச்சுவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவள் செய்வதையெல்லாம் திருப்பிச் செய்வார். லச்சு கொட்டாவி விட்டால் அவர் கொட்டாவி விடுவார். லச்சு கட்டைவிரலைப் பார்த்து முகத்தைச் சுளித்தால் அவரும் சுளிப்பார். இரண்டு பேரும் அப்படியே ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். லச்சுவுக்கு நடை வந்தபோது, தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு, கூரையில் ஏதோ இருக்கிற மாதிரி மேலே பார்த்தபடி நடப்பாள். அக்கா அதைச் செய்து காட்டினால் என் வீட்டுக்காரர்கூட வாய்விட்டுச் சிரிப்பார். முப்பது வயதுப் பெண் ஒன்றரை வயதுக் குழந்தையாக ஆவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

லச்சுவுக்கு இரண்டரை வயதில் தொண்டை அடைப்பான் நோய் வந்தது. காலையில் குரல் கம்மியது, மறுநாள் மூச்சு சீட்டியடித்தது. என் வீட்டுக்காரரைப் பட்டறையிலிருந்து அரசிக்கெரே பக்கம் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். அக்காதான் ஜட்கா பிடித்தார். பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் குழந்தையின் தலையைத் தன் கழுத்தோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒட்டிக்கொள்கிற நோய் என்று நர்ஸ் தள்ளி நிற்கச் சொன்னாள். அக்கா நகரவில்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு லச்சு போய்விட்டாள். என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து சேர்ந்தார்.

நான் அழவில்லை. அதைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், கிள்ளிக்கூடப் பார்த்தார்கள். எனக்கு வரவில்லை. காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகு, ஒரு மத்தியானம் லச்சுவின் சின்னத் தட்டை எடுத்து ரசம் சோறு பிசைந்தேன். குழையப் பிசைந்து, ஒரு வாய் எடுத்து ஊதி, கீழுதட்டில் தொட்டுச் சூடு பார்த்து, எதிரே நீட்டினேன். எதிரே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். புத்தி பேதலிக்கவில்லை. கைக்குத்தான் சொல்ல முடியவில்லை. தட்டு காலியாகாது என்பதால் சோறு ஆறிப்போகும்வரை அப்படியே செய்துகொண்டிருப்பேன். பிறகு காக்கைக்குப் போட்டுவிடுவேன். மறுநாள் மத்தியானம் மறுபடியும். என் வீட்டுக்காரர் வேலையில் இருக்கும் நேரம்; அவருக்குத் தெரியாது.

அக்காவுக்குத் தெரியும். தினமும் வந்து சுவரில் சாய்ந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார். வேண்டாம் என்று கையைப் பிடித்ததில்லை, அறிவுரை சொன்னதில்லை. எனக்கு அதுவே ஆறுதலாக இருந்தது. ஒருநாள் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண் என் விரல்கள்மேல் இருந்தது. நான் ஊதியபோது அவர் உதடும் குவிந்து ஊதியது. எனக்காக உருகுகிறார் என்று நினைத்தேன். அப்படித்தான் இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். மற்றதும் இருந்தது.

கொஞ்ச நாளில் சேலத்திலிருந்து தந்தி வந்து அக்கா ரயிலேறிப் போனார்.

ஒரு வருஷம் கழித்து அந்தப் படம் மைசூருக்கு வந்தது. அக்காவின் படம் என்பதால் வடாரமே கிளம்பியது. மாலைக் காட்சி. பெண்கள் பக்கத்து பெஞ்சில் நான், தட்டிக்கு அந்தப் பக்கம் ஆண்களோடு என் வீட்டுக்காரர். கதை ஏதோ ஜமீன்தார் வீட்டுக் கதை. பாதிக்குமேல் ஒரு குழந்தை செத்துப்போகிறது. கொழுத்த கன்னமும் திருஷ்டிப் பொட்டுமாக யாரோ ஒரு குழந்தை. அடுத்த காட்சியில் அக்கா தரையில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ஒரு சின்னத் தட்டு. சோற்றைப் பிசைகிறார். ஒரு வாய் எடுக்கிறார். ஊதுகிறார். கீழுதட்டில் தொட்டுச் சூடு பார்க்கிறார். எதிரே நீட்டுகிறார்.

பாட்டு இல்லை, வசனம் இல்லை. எனக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் விம்ம ஆரம்பித்தாள். அது பெஞ்சு பெஞ்சாகப் பரவி என்னைத் தாண்டி முன்வரிசைக்குப் போனது. முன்பின் தெரியாத நூறு பேர் என் குழந்தைக்காக அழுதுகொண்டிருந்தார்கள். நான் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் என் விரல்கள் இருந்தன. மோதிர விரலை நான் மடக்கிக்கொள்வதுகூட அப்படியே இருந்தது.

வீட்டுக்கு நடந்து வந்தோம். என் வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"அது நீதானே?"

நான் தலையாட்டினேன். அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். லச்சு போனதிலிருந்து அவரும் அழுது நான் பார்த்ததில்லை. மறுநாள் மத்தியானம் அவர் பட்டறையிலிருந்து சைக்கிளில் வந்து நின்றார். தட்டு என் முன்னால் இருந்தது. அந்த ஒரு வருஷத்தில் தினமும் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் அது இருக்கத்தான் செய்தது. அவர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினார். நான் ஊதிச் சூடு பார்த்து வைத்தேன். சாப்பிட்டார். தட்டு காலியாயிற்று. ஒரு வாரம் அப்படி வந்து சாப்பிட்டார். எட்டாம் நாள் எனக்குச் சோறு பிசையத் தோன்றவில்லை. அன்றைக்குத்தான் அழுதேன்.

இதற்கு அக்காவுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது என் உடம்பெல்லாம் எரிந்தது. அவர் ஊர் திரும்பிய அன்றே போய் நின்றேன். டிரங்குப் பெட்டியைக்கூட அவர் திறக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாக்கா?"

அவருக்கு எதைப் பற்றி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "கேட்டிருந்தா குடுத்திருப்பியா தங்கி?"

"மாட்டேன்."

"அதான்" என்றார். கொஞ்ச நேரம் பெட்டியின் பூட்டைத் திருகிக்கொண்டிருந்தார். "எடுக்கணும்னு நெனச்சு எடுக்கல. அழச் சொன்னாங்க. என் கண்ணுக்கு எதிர்ல லச்சுதான் இருந்தா. அப்புறம் கை அதும்பாட்டுக்குச் செஞ்சிடுச்சு. எனக்கும் அவ போனா இல்ல? நான் எங்க போய் அழறது, சொல்லு."

நான் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரே முற்றத்தில் இரண்டு வருஷம் அவரோடு பேசாமல் இருந்தேன். அவர் குழாயடிக்கு வந்தால் நான் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

படம் எங்கும் ஓடியது. தெருவில் ஜட்காக்காரர்கள் அவரைக் கண்டால் வண்டியை நிறுத்திக் கும்பிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு வந்த படங்களிலெல்லாம் அவருக்குச் செத்த குழந்தைதான் கொடுத்தார்கள். நாலு படத்தில் நாலு குழந்தை. ஜனங்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று முதலாளிகள் சொன்னார்களாம். முப்பத்திரண்டு வயதில் கதாநாயகி போய்த் தாயார் ஆனார். கல்யாண வீடுகளில்கூட அதைச் செய்து காட்டச் சொன்னார்கள். இதெல்லாம் வடாரத்துப் பெண்கள் பேசி என் காதில் விழுந்தவை.

எனக்கு இரண்டாவது பெண் பிறந்து ஐந்தாறு மாதம் இருக்கும். ஒரு காலை அக்கா என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்டார், முன்பெல்லாம் கேட்டதில்லை. மெலிந்துபோயிருந்தார். குழந்தையை எடுக்கக் கை நீட்டவில்லை. தூரத்திலேயே உட்கார்ந்தார்.

மற்றவர்களிடமிருந்து எடுத்ததெல்லாம் படம் முடிந்ததும் உதிர்ந்துவிடும், இது உதிரவில்லை என்றார். ஓட்டலில் இட்லியைப் பிட்டாலும் கை அதைச் செய்கிறது. ரயிலில் எதிரே இருப்பவர்கள் பார்க்கிறார்கள். சூட்டிங்கில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டார். சில நாள் ஆறிய சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.

"நீ நிறுத்திட்டே. நான் பாத்தேன். எப்படித் தங்கி நிறுத்தினே? அதை மட்டும் சொல்லிடு."

என் வீட்டுக்காரர் நீட்டிய உள்ளங்கை என் கண்முன் வந்தது. சொல்ல வாயெடுத்தேன். அடுத்த கணமே, ஏதோ ஒரு கொட்டகையில், யாரோ ஒரு நடிகன் அதே மாதிரி சம்மணமிட்டு உள்ளங்கையை நீட்டுவதும் அக்கா அதில் சோறு வைப்பதும் தெரிந்தது. பெஞ்சு பெஞ்சாக அழுகை பரவுவது காதில் கேட்டது. அது ஒன்றுதான் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் என்று மிஞ்சியிருந்தது.

"தெரியலக்கா. தானா நின்னுடுச்சு" என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். கீரைக்கிழவி மூக்குத்தியைத் தொட்டதைப் பார்த்தவர் அவர். நான் எதைத் தொட்டேனோ, எந்தப் பக்கம் கண்ணைத் திருப்பினேனோ தெரியாது. பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சரி என்று எழுந்தார். குழந்தை அழுதது, அதற்கு வணக்கம் சொல்வதுபோல லேசாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்த மாசக் கடைசியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலேறியவர் திரும்பவில்லை. பிறகு யுத்தம் வந்தது. பிலிம் கிடைக்காமல் படங்கள் குறைந்துபோயின. அக்காவின் பெயர் நோட்டீஸ்களில் சின்ன எழுத்துக்குப் போய், பிறகு அதுவும் இல்லாமல் போனது.

யுத்தத்தின் நடுவில் ஒருநாள் மாவு சலித்துக்கொண்டிருந்தபோது லச்சு ஞாபகம் வந்தது. முகம் வரவில்லை. கொழுத்த கன்னமும் திருஷ்டிப் பொட்டுமாக அந்தச் சினிமாக் குழந்தைதான் வந்தது. கண்ணை மூடி, அதைத் தள்ளிவிட்டு மறுபடி தேடினேன். மறுபடியும் அதுவே வந்தது. எங்களிடம் லச்சுவின் போட்டோ கிடையாது. என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, கண் உன் மாதிரி என்றார். அவருக்கும் அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது.

அவள் முழுசாக இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் என்று அப்போது எனக்கு உறைத்தது. கொட்டாவி, கட்டைவிரலைப் பார்த்துச் சுளித்த முகம், கூரையைப் பார்த்தபடி நடந்த நடை எல்லாம் அக்காவின் உடம்பில் இருந்தன. கேட்டால் எழுந்து நின்று நடந்து காட்டியிருப்பார்.

சேலத்து விலாசத்துக்குக் கடிதம் போட்டேன். ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அந்தத் தசராவுக்கு, அக்கா முன்பு இருந்த நாடகக் கம்பெனி மைசூரில் கொட்டகை போட்டிருந்தது. ஒரு சாயங்காலம் பெண்ணை அழைத்துக்கொண்டு போய் விசாரித்தேன். ஆர்மோனியக்காரர் ஒருவர், வயசாளி, அக்காவைத் தெரியும் என்றார். ஹுப்ளியைத் தாண்டி எங்கேயோ சொந்தக்காரர் வீட்டில் இருப்பதாகக் கேள்வி, நடிப்பதை விட்டுவிட்டார், யாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடமாட்டார். இவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. கம்பெனி அடுத்து அந்தப் பக்கம்தான் போகிறது, பார்த்தாலும் பார்ப்பேன் என்றார்.

நான் அவரிடம் சொன்னேன், பார்த்தால் இதைச் சொல்லுங்கள் என்று: அது தானாக நிற்கவில்லை; எதிரே ஒருத்தர் உட்கார்ந்து கையை நீட்டி அந்தச் சோற்றை வாங்கிச் சாப்பிட்டார்; ஒரு வாரம் அப்படிச் சாப்பிட்டதும் நின்றது; நான் அன்றைக்குப் பொய் சொன்னேன்; அக்கா இங்கே வந்தால் நானே எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நல்ல மனுஷர், வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். உள்ளே மணி அடித்தார்கள். எழுந்தவர் திரும்பி நின்று, யார் சொன்னதாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். என் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தச் சின்னவள் பிறந்ததிலிருந்து எல்லோரும் என்னை இவள் பெயரைச் சேர்த்துத்தான் இன்னாருடைய அம்மா என்பார்கள்.

"லச்சு அம்மான்னு சொல்லுங்க" என்றேன்.